பாரம் சொல்லணும்

விழுந்து 14 மாதம் ஆகிறது. இத்தனை நாளில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்ப மறுபடி ஓட்டப் போற?" கூட ஓட்டும் பிள்ளைகள் கேட்டார்கள், கோச் கேட்டார், பாலக்கோட்டில் மருந்துக்கடை அண்ணன் கேட்டார். தர்மபுரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத ஒரு அக்கா என் கைத்தொட்டிலைப் பார்த்து என்ன ஆச்சு என்றார், சைக்கிள் ரேஸ் ஓட்டுவேன், விழுந்துவிட்டேன் என்றதும் அவரும் இதையேதான் கேட்டார். எல்லாம் அக்கறையில் கேட்பதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்விதான் என் எலும்பை இரண்டாவது தடவை உடைக்கப் பார்த்தது என்று இப்போது நினைக்கிறேன். ரொம்ப நாளாக மனசுக்குள்ளேயே உருண்டுகொண்டிருக்கிறது, எழுதிவிட்டால் நல்லது என்று தோன்றியது.

கொள்ளு

போன வருஷம் ஜனவரி, பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. பாலக்கோட்டில் கிளம்பி பாப்பாரப்பட்டி, அங்கிருந்து பென்னாகரம், திரும்ப அதே வழி. வாரத்தில் இரண்டு நாள் ஓட்டும் ரோடு, குழி குழியாக மனப்பாடம். ஒகேனக்கல் வரை மலைப்பாதையில் இறங்கி ஏறுகிற நாள் இல்லை அது. ஒரே வேகத்தில் விடாமல் மிதிக்க வேண்டிய நாள். திரும்பி வரும்போது ஏழே முக்கால் இருக்கும். பனி விலகி, வெயில் நேராகக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சின்ன இறக்கம், அது முடியும் இடத்தில் வலது பக்கம் ஒரு வளைவு, வளைவில் ஒரு புளியமரம். மரத்து நிழலுக்குள் நுழைந்த பிறகுதான் ரோட்டில் கொள்ளு போட்டிருப்பது தெரிந்தது.

கொடியோடு பிடுங்கிப் பரப்பிய கொள்ளு. அதற்குள் ஒன்றிரண்டு பஸ் ஏறிப் போயிருக்க வேண்டும், காய் வெடித்து மணியெல்லாம் தனியாகச் சிதறிக் கிடந்தது. கொடி மேல் ஏறினால்கூட டயர் கொஞ்சம் பிடிக்கும். இந்த மணி இருக்கிறதே, 25 மில்லிமீட்டர் டயருக்கு அடியில் அது பால்ரஸ். முன்சக்கரம் எனக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. கை ஊன்றக்கூட நேரமில்லை, வலது தோள் அப்படியே தார் ரோட்டில் இறங்கியது. காய்ந்த முருங்கைக் குச்சியை முறித்த மாதிரி ஒரு சத்தம். அது எனக்குள்ளிருந்து வந்த சத்தம் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எழுந்து உட்கார்ந்தபோது முடியில், கழுத்தில், ஜெர்சிக்குள் எல்லாம் கொள்ளு. ஹெல்மெட்டின் வலது பக்கத்தில், உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மாக்கோல் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. என் மண்டை பிளக்க வேண்டிய இடம் அது. 2003-ல் பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஆந்த்ரேய் கிவிலெவ் என்ற சைக்கிள் வீரர் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் உலக அளவிலான தொழில்முறைப் பந்தயங்களிலேயே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில் ரேஸ் பழக ஆரம்பித்த காலத்தில் நானும் வெறும் தலையோடு ஓட்டியவள்தான். அந்தப் பிளவை விரலால் தடவிப் பார்த்த நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. (ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மறுபடி போடாதீர்கள். உள்ளே அமுங்கிய நுரை திரும்ப எழாது.)

ரோட்டோரத்தில் இருந்த தாத்தாவும் பாட்டியும் ஓடி வந்தார்கள். தாத்தா தோள் துண்டை எடுத்து என் கையை மடக்கி, கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். ஆட்டுக்குக் கால் முறிந்தால் கட்டிப் பழகிய கை அது, ஒரு அசைவுகூட வீண் இல்லை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து என் முடியிலிருந்து கொள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியபடி அழுதார். "நாங்க போட்ட கொள்ளுல வந்து வுழுந்துட்டியே கண்ணு, நாங்க போட்ட கொள்ளுல..." 108 வரும் வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. கேஸ் கொடுத்திருக்கணும் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அப்பாவும் ரோட்டில்தான் கொள்ளு போடுவார். சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கோழி வராமல் குச்சி வைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்தவள் நான். பஸ் வந்தால் சந்தோஷப்படுவேன், ஏறி மிதித்துவிட்டுப் போகுமே என்று. ரோட்டில் போடுவது தப்புதான், பைக்கில் போகிறவர்கள் எத்தனை பேர் இப்படிச் சறுக்கி விழுகிறார்கள் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு ஒரு நல்ல சிமெண்டுக் களம் இருந்தால் யாரும் ரோட்டுக்கு வரப்போவதில்லை. இது நிஜமாகவே நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன், எங்கள் ஊர் கிராம சபையில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டியை எதிரியாக நினைத்து என்னால் படுத்திருக்க முடியவில்லை.

ஆறு வாரம்

உடைந்தது காரை எலும்பு, காலர் போன் என்பார்களே அது. சைக்கிள்காரர்களுக்கு அடிக்கடி உடையும் எலும்பு அது. கையை உடம்போடு சேர்க்கும் எலும்பு இது ஒன்றுதான், அதனால் தோளில் விழும் அடியெல்லாம் இதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஆங்கில எஸ் எழுத்து மாதிரி லேசாக வளைந்து, நடுவில் மெலிந்து இருக்கும். எனக்கும் நடுவில்தான் உடைந்து, ஒரு துண்டு இன்னொன்றின் மேல் ஏறி நின்றது. சாலை விபத்து என்பதால் முதல் 48 மணி நேரச் செலவு அரசுத் திட்டத்தில் போனது. நாலாவது நாள் அறுவை சிகிச்சை, டைட்டானியம் தகடு, ஏழு திருகு. ஆயாவுக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. "புத்தூர் கட்டு போட்டா மூணு கட்டுல கூடிப் போயிருக்கும், பொண்ணு தோள்ல இரும்ப வெச்சுத் தெச்சிட்டானுங்களே" என்று ஒரு வாரம் புலம்பிவிட்டு, அப்புறம் தினமும் பிரண்டைத் துவையலும் ராகிக் களியுமாக என்னைக் கவனித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். வலது கை கட்டில் இருந்ததால் களியை உருட்டி எனக்கு ஊட்டியதும் அவர்தான். 25 வயசில் ஆயா கையால் களி சாப்பிட்டேன்.

டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார்: "ஆறு வாரம் இந்தக் கையில பாரம் ஏறக் கூடாது. அதுக்கப்புறம் எக்ஸ்ரே பார்த்துட்டு சொல்றேன்."

எனக்கு அதில் முதல் இரண்டு வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. ஆறு வாரம். மாநிலத் தேர்வுப் போட்டி எட்டாவது வாரத்தில் வந்தது. காலண்டரில் எண்ணிப் பார்த்தேன், சரியாக எட்டு நாள் மிச்சம் இருந்தது. கடவுளே எனக்காக ஒதுக்கி வைத்த எட்டு நாள் மாதிரி இருந்தது.

அப்புறம் படுக்கையில் செல்போன். கூட ஓட்டும் பிள்ளைகள் தைரியத்துக்காக ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் பெரிய பந்தயமான டூர் டி பிரான்ஸில், 2013-ல் முதல் நாளிலேயே விழுந்து, இடுப்பெலும்பில் முறிவோடு மூன்று வாரமும் ஓட்டி முடித்த கெரெய்ன்ட் தாமஸ். 2003-ல் அதே பந்தயத்தின் ஆரம்பத்தில் காரை எலும்பில் விரிசல் விட்டும் கடைசி வரை ஓட்டி நாலாவது வந்த டைலர் ஹாமில்டன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது இறக்கத்தில் விழுந்து, முதுகெலும்பில் மூன்று இடத்தில் முறிந்து, அடுத்த வருஷமே நார்வேயின் பெர்கனில் டைம் ட்ரையலில், அதாவது ஒவ்வொருவராகத் தனியாக நேரத்தோடு போட்டி போட்டு ஓட்டும் பந்தயத்தில், உலக சாம்பியன் ஆன அன்னெமீக் வான் ப்ளூட்டன். 2024 ஏப்ரலில் ஸ்பெயினில் பாஸ்க் பகுதிப் பந்தயத்தில் காரை எலும்பும் விலா எலும்பும் உடைந்து, நுரையீரலும் அடிபட்டுக் கிடந்த யோனாஸ் விங்கெகோர், மூன்று மாதம் ஆவதற்குள் டூரின் தொடக்கக் கோட்டில் நின்று, இரண்டாவதாக முடித்தார். இதெல்லாம் உண்மை. ஹாமில்டன் கதை மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஏனென்றால் அவருக்கு உடைந்ததும் என் எலும்புதான். அவர் ஊக்கமருந்து எடுத்ததை 2011-ல் தானே ஒப்புக்கொண்டார் என்பதும் எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அதை நினைக்க நான் விரும்பவில்லை.

யாரும் எனக்கு கிறிஸ் ஃப்ரூம் கதையை அனுப்பவில்லை. நாலு முறை டூர் ஜெயித்தவர். 2019 ஜூனில், போட்டிக்கு முன் பாதையைப் பார்க்கப் போன இடத்தில் விழுந்து தொடை எலும்பும் முழங்கையும் விலாவும் உடைந்தன. திரும்பி வந்து வருஷக்கணக்கில் ஓட்டினார், அதன் பிறகு ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. திரும்பி வருவது என்பதில் இதுவும் ஒரு வகை. இதை மனசில் வைத்துக்கொண்டு படுத்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். இன்னொன்றும் யோசித்திருக்கலாம். அந்த வீரர்களுக்குப் பக்கத்திலேயே டாக்டர், தினமும் பிசியோ, வாரம் தவறாமல் ஸ்கேன். அவர்களுக்குப் படுத்திருப்பதும் சம்பளம் வரும் வேலை. நான் பாலக்கோட்டில் தக்காளித் தோட்டத்து வீட்டில், எக்ஸ்ரே எடுக்கவே தர்மபுரிக்கு பஸ் ஏற வேண்டிய இடத்தில் படுத்துக்கொண்டு, அவர்களுடைய நாள் கணக்கை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம்

மூன்றாவது வாரத்தில் ட்ரெய்னரில், அதாவது சைக்கிளைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்டில், உட்கார டாக்டர் அனுமதி கொடுத்தார், நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கை தொட்டிலிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தாழ்வாரத்தில் சைக்கிளைப் பூட்டி ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் மிதித்தேன். கால் நன்றாக இருந்தது. அதுதான் பிரச்சினை. கால் தயாராக இருக்கிறது என்றால் நான் தயார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை, அப்பா மண்டிக்குப் போன பிறகு, தொட்டிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ரோட்டில் இறங்கினேன். அதியமான்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் நாலுவழிச் சாலை எங்களுக்குப் பக்கம்தான், வழவழவென்று இருக்கும், அதில் மாரண்டஹள்ளி வரைக்கும் போய்த் திரும்பலாம் என்று கணக்கு. முதல் அரை மணி நேரம், அதை எப்படிச் சொல்வது, காற்று முகத்தில் பட்டதற்கே அழுதுவிட்டேன். திரும்பும்போது சர்வீஸ் ரோட்டில் வெள்ளைக் கோடு போடாத ஒரு வேகத்தடை. பெரிய வேகம் இல்லை. சக்கரம் ஏறி இறங்கியது, உடம்பின் எடை முழுக்க ஒரு நொடி இரண்டு கையிலும் இறங்கியது. வலிகூட இல்லை. வீட்டுக்கு வந்து தொட்டிலை மாட்டிக்கொண்டேன், யாருக்கும் சொல்லவில்லை.

ராத்திரி புரண்டு படுத்தபோது உள்ளே "டிக்" என்று ஒன்று நகர்ந்தது.

எக்ஸ்ரேயில் வெளிப்பக்கத்து இரண்டு திருகும் தளர்ந்து, லேசாகத் தலை தூக்கி நின்றன. டாக்டர் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. விளக்குப் பலகையில் ஃபிலிமை மாட்டி, பேனா முனையால் காட்டினார். "இப்போதைக்குத் தகடுதான் எலும்பைப் பிடிச்சிட்டு நிக்குதும்மா. எலும்பு இன்னும் தன்னைத் தானே பிடிச்சுக்கல. தகடு களைச்சுப் போறதுக்குள்ள எலும்பு கூடிடணும், அதுதான் இங்க நடக்கிற போட்டி. நீ நடுவுல போய்த் தகட்டுக்கு எதிரா ஓட்டியிருக்க." மறுபடி திறக்க வேண்டுமா என்பதை இரண்டு வாரம் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். நல்லவேளையாகத் தகடு மற்ற திருகுகளில் நின்றது, திறக்கவில்லை. ஆனால் தொட்டில் மறுபடி ஆறு வாரம். தேர்வுப் போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் தக்காளிச் செடிக்கு நடுவே வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பழத்தைத் துண்டில் துடைத்து, இடது கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மண்டி அண்ணன்

இதையெல்லாம் எழுதக் காரணமான ஆளைப் பற்றி இப்போதுதான் வருகிறேன். ஏப்ரலில் எலும்பு கூடிவிட்டது என்று தெரிந்தது, ஆனால் தோள் இறுகிவிட்டது. மூன்று மாதம் கட்டில் இருந்த கை, கண்ணாடி முன்னால் நின்று தூக்கினால் காதைத் தாண்டவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் அரசு மருத்துவமனையின் பிசியோ அறை. சுவரில் ஒரு மரக்கட்டை மாட்டியிருப்பார்கள், ஏணி மாதிரி பல் பல்லாக வெட்டியது. விரலை ஒவ்வொரு பல்லிலும் வைத்து, சிலந்தி ஏறுகிற மாதிரி கையை மேலே நடக்க வைக்க வேண்டும். ஏதோ ஒரு பல்லில் தோள் கல்லாகி நின்றுவிடும், மேலே போகாது. அந்தப் பல்லில்தான் கண்ணில் தண்ணி வரும்.

அங்கே என்னோடு வந்தவர் ஒரு சுமைத் தொழிலாளி, 50 வயசு இருக்கும். தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவர். மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து சறுக்கி விழுந்ததில் அவருக்கும் வலது காரை எலும்புதான், அவருக்கு அறுவை சிகிச்சை இல்லை, கட்டிலேயே கூடிவிட்டது. கூடிய இடம் தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்கு முட்டிக்கொண்டு தெரியும். எங்கள் அப்பாவின் தக்காளிப் பெட்டிகளை, கிரேடு என்போம், எத்தனையோ தடவை அவர் தூக்கியிருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. நான் அண்ணா என்றேன், அவர் பாப்பா என்றார்.

மரக்கட்டைப் பயிற்சி முடிந்ததும் அவர் தன் கணக்குக்கு ஒன்று செய்வார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முறுக்கி, வட்டமாகச் சுற்றி, சும்மாடு கட்டுவார். அதை வலது கையில் பிடித்துத் தலைக்குக் கொண்டு போவார். முதல் வாரம் கை காதருகே நின்றுவிட்டது, தலையைச் சாய்த்தால் எட்டியிருக்கும், ஆனால் அவர் சாய்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, கை எங்கே நிற்கிறதோ அங்கேயே பத்து எண்ணுகிற நேரம் வைத்திருந்து இறக்குவார். மூன்றாவது வாரம் சும்மாடு உச்சந்தலையில் உட்கார்ந்தது. பிசியோ மேடம் கை தட்டினார். அவர் சும்மா தலையை ஆட்டிவிட்டு, சும்மாட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்த்தார்.

அடுத்த தடவை ஒரு வெறும் பிளாஸ்டிக் கிரேடைக் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் அதற்குள் இரண்டு தண்ணீர் பாட்டில். ஒருநாள் வெளியே வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்காக நின்றோம், மாங்காய் ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நான் கேட்டுவிட்டேன், என்னிடம் எல்லோரும் கேட்ட அதே கேள்வியை. "எப்ப திரும்ப வேலைக்குப் போவீங்கண்ணா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்பதே புரியாதது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. "எப்பன்னு எனக்கு எப்டி பாப்பா தெரியும்? அத பாரம் சொல்லணும்."

அப்புறம் பஸ் வரும் வரை விளக்கினார். வெறும் கிரேடு தலையில் நின்றால், மறுநாள் இரண்டு பாட்டில். அன்றைக்கு ராத்திரி தோள் என்ன சொல்கிறது என்று பார்ப்பார். தூங்க விட்டால் இன்னொரு பாட்டில். விடவில்லை என்றால் அதே பாட்டில், இல்லையா, ஒன்று குறைச்சல். "டாக்டரு எலும்பு கூடிச்சின்னு சொல்லிட்டாரு. மண்டியில எலும்பு மட்டுமா தூக்குது? 25 கிலோ தலைக்கு மேல இருக்கும்போது கை உட்டுச்சின்னா கழுத்து மேலதான வரும்." அவர் வீட்டில் அப்போது சம்பாதித்தது அவர் மனைவி மட்டும்தான், பூந்தோட்டத்துக்குக் கூலிக்குப் போய். எங்கள் இரண்டு பேரில் அவசரப்படக் காரணம் இருந்தது அவருக்கு. எனக்கு ஒரு போட்டி, அவருக்கு அன்றாடச் சோறு. அவர் ஒரு பாட்டிலைக்கூட முன்னால் வைக்கவில்லை. அவரை யாரும் தியாகி என்றோ வீரன் என்றோ சொல்லப் போவதில்லை, அவரைப் பற்றி யாரும் வீடியோ போடப் போவதும் இல்லை. ஆனால் உடம்பை வைத்துப் பிழைக்கிறவர் தன் உடம்பை எவ்வளவு மரியாதையாக நடத்துகிறார் என்பதை நான் முதல் தடவையாக அங்கேதான் பார்த்தேன். பஸ்ஸில் ஏறியதும் செல்போனில் இருந்த காலண்டர் குறிப்பை எல்லாம் அழித்தேன்.

என் பாட்டில்கள்

பயிற்சி நோட்டில் தேதி போடுவதை நிறுத்தினேன். இடது பக்கம் தோளுக்கு அன்றைக்கு என்ன பாரம் கொடுத்தேன், வலது பக்கம் ராத்திரி தூக்கம் எப்படி, அவ்வளவுதான். அரை வாளித் தண்ணீரில் தொடங்கியது. அப்புறம் முழு வாளி. அப்புறம் சுவரில் சாய்ந்து தண்டால், அப்புறம் திண்ணையில், ஆகஸ்டில்தான் தரையில். சைக்கிளில் முதலில் பத்து நிமிஷம், சமமான ரோட்டில், கையை மேல்பிடியில் வைத்து. கீழ்ப்பிடிக்குக் குனிந்து ஓட்டும் நிலை கடைசியாக வந்தது, அதில்தான் எடை தோளுக்கு அதிகம் போகிறது. ராத்திரி வலித்தால் அடுத்த நாள் அதே பத்து நிமிஷம். ஒரு வாரம் முழுக்க அதே பத்து நிமிஷம் ஓட்டிய காலமும் உண்டு. முன்பு அப்படி ஒரு வாரம் வந்திருந்தால் தோற்றுவிட்டேன் என்று எழுதியிருப்பேன்.

பயத்துக்கும் அந்தக் கணக்குதான் உதவியது. இறக்கத்தில் வளைவு வந்தாலே வலது கை தானாகவே பிரேக்கை இறுக்கியது. மனதைத் தேற்று, தைரியமாக இரு என்றெல்லாம் சொன்னார்கள், கைக்கு அது கேட்கவில்லை. பயமும் ஒரு பாரம் என்று எடுத்துக்கொண்டேன். ஒகேனக்கல் இறக்கத்தில் ஒரே ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து முடித்து, உள்ளே கையைத் தளர்த்தி ஓட்டுவது, மீதி எல்லா வளைவிலும் கை எப்படி வேண்டுமானாலும் இறுக்கிக்கொள்ளட்டும். அடுத்த வாரம் இரண்டு வளைவு. டிசம்பரில் 30 கிலோமீட்டர் டைம் ட்ரையல் ஒன்று ஓட்டினேன், பழைய நேரத்தைவிட இரண்டு நிமிஷம் அதிகம். கூட்டத்தோடு, தோளோடு தோள் உரசி ஓட்டும் பந்தயத்துக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பாட்டிலை நான் இன்னும் வைக்கவில்லை.

இந்த ஜனவரியில் அதே புளியமரத்து வளைவில் மறுபடி கொள்ளு போட்டிருந்தார்கள். தூரத்திலேயே தெரிந்தது, ஏனென்றால் இந்த வருஷம் இறக்கம் தொடங்கும் இடத்திலேயே ஒரு குச்சி நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். பாட்டிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டிருந்தேன். கழற்றிய பிறகு தெரிந்தது. தோளைத் தொட்டுப் பார்த்தார், தோலுக்கு அடியில் திருகு தட்டுப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார், அப்புறம் மறுபடி வைத்தார்.

போன வாரம் விடியற்காலையில் அப்பாவோடு மண்டிக்குப் போனேன். சைக்கிளிலேயே, அவர் வண்டிக்குப் பின்னால். மண்டி அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார் என்று தெரியும், பார்த்தது அன்றைக்குத்தான். மற்றவர்கள் இரண்டு கிரேடு ஏற்றிக்கொண்டு ஓட, அவர் தலையில் ஒன்று இருந்தது. ஒன்றை லாரியில் இறக்கிவிட்டு வந்து, சும்மாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் எதிரில் நின்றார். சைக்கிளைப் பார்த்தார்.

"எவ்ளோ தூரம் ஓட்டுற இப்ப?"

"நூறு கிலோமீட்டர்ணா. நேத்து."

"ராத்திரி?"

"தூங்க விட்டுச்சு."

சரி என்று தலையாட்டினார். துண்டை உதறி மறுபடி சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, அடுத்த கிரேடுக்கு நடந்தார்.